பிள்ளைக்கும் நமக்கும் பொருத்தம் பார்த்தது யார்?

கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். தினம், கணம், மகேந்திரம், ரஜ்ஜு என்று ஜோசியர் விரல் விட்டு எண்ணுவார். அதில் கணப் பொருத்தம் என்பது ஒருவகையில் குணப் பொருத்தம்தான். தேவ கணமா, மனுஷ கணமா, ராட்சச கணமா என்று பார்ப்பார்கள். ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அதன் அடியில் உள்ள கேள்வி நியாயமானது: இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒத்துப்போவார்களா? அந்தக் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளையோடும் இருபது வருஷமாவது ஒரே வீட்டில் இருக்கப்போகிறோம். அதற்குக் கட்டம் கிடையாது, பெண் பார்க்கும் படலம் கிடையாது. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கையில் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் வாய் ஓயாத ஆள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்குவதற்குள் அவருடைய சம்பந்தி ஊர்வரை எனக்குத் தெரிந்துவிடும். என் மனைவி இந்த அளவுக்கு இல்லையென்றாலும் கூட்டத்தில் சந்தோஷமாக இருப்பவள். எங்களுக்குப் பிறந்த மகளோ, வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே உள் அறைக்குப் போய்விடுவாள். அவளுக்கு நாலு வயதிருக்கும்போது கரூரில் ஒரு காதுகுத்து. மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து அம்மாவின் முந்தானையை விடவில்லை. நான் சும்மா இருந்தேனா? "மாமாவுக்கு வணக்கம் சொல்லு", "அத்தைக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு" என்று தூக்கிக்கொண்டுபோய் நடுவில் நிறுத்தினேன். வீறிட்டு அழுதாள். "யாரு மாதிரிடா பொறந்திருக்குது இது? உன் ஜாடையே இல்லையே" என்றார் பெரியம்மா ஒருவர்.

பந்தி முடிந்து, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு நாங்கள் கிளம்பும்போது பார்த்தால், அவள் மற்ற பிள்ளைகளோடு நாற்காலிகளுக்கு நடுவே ஓடி விளையாட ஆரம்பித்திருந்தாள். "வா, போகலாம்" என்றதும் மறுபடி அழுகை. அன்றைக்கு இரண்டு தடவை திட்டு வாங்கினாள். ஒன்று பழகாததற்கு, இன்னொன்று பழகியதற்கு.

பெரியம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். யார் மாதிரி பிறக்கிறது?

நமக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஏதோ ஒன்றுதான் பிள்ளைக்குப் போகும். எது போகும் என்பது சீட்டுக் குலுக்கல். 23 முறை குலுக்கினால் ஒரு அப்பாவிடமிருந்து மட்டும் 83,88,608 விதமான சேர்க்கைகள் வரலாம். ஏறக்குறைய 84 லட்சம். (ஆமாம், 84 லட்சம் யோனி பேதம் என்று சொல்வோமே, அதே எண். தற்செயல்தான். தயவுசெய்து இதை வைத்து வாட்ஸப் ஃபார்வர்டு எழுதிவிடாதீர்கள்.) அம்மாவின் பக்கத்தையும் சேர்த்துப் பெருக்கினால் 70 லட்சம் கோடியைத் தொடும். போதாததற்கு, ஜோடியாக இருக்கும் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதும் உண்டு. எனவே நம்மை உரித்துவைத்த மாதிரி ஒரு பிள்ளை பிறப்பதுதான் அதிசயம். வேறு மாதிரி பிறப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சுபாவம் என்பது ஒற்றை மரபணு முடிவு செய்கிற விஷயமும் அல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து, வளரும் சூழலும் கலந்து உருவாவது. மனிதருக்கு மனிதர் சுபாவம் வேறுபடுவதில் 20 முதல் 60 சதவீதம்வரை மரபணுக்களின் பங்கு என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் கணக்கிடுகின்றன. பெரிய இடைவெளிதான், ஆனால் இரண்டு முனையும் ஒரே சேதியைச் சொல்கின்றன: பிள்ளை வெறும் களிமண்ணாக வருவதில்லை, முழுசாகச் சுட்ட பானையாகவும் வருவதில்லை.

இதைச் சொல்வது இன்றைக்கு எளிது. 1950களில் அமெரிக்காவில் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது. பிள்ளையிடம் எந்தக் கோளாறு தெரிந்தாலும் அம்மாவின் வளர்ப்புதான் காரணம் என்பது அன்றைய மனநல மருத்துவத்தின் பிடித்தமான விளக்கம். மனச்சிதைவுக்கும் அம்மா, ஆட்டிசத்துக்கும் அம்மா. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாயை 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்றே அழைத்தார்கள், பாசம் உறைந்துபோனவளாம். நம் ஊரில் "வளர்த்த லட்சணம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவதைத்தான் அங்கே கோட்டு சூட்டு போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ் என்று ஒரு தம்பதி. இருவருமே மனநல மருத்துவர்கள். அவர்களிடம் வந்த குழந்தைகளைப் பார்க்கையில் இந்த விளக்கம் ஒட்டவில்லை. நல்ல பெற்றோரின் பிள்ளை திணறியது. மோசமான வீட்டிலிருந்து வந்த பிள்ளை நன்றாக இருந்தது. தங்கள் சொந்தக் குழந்தைகளே பிறந்த சில வாரங்களிலேயே ஒன்றுபோல் ஒன்று இல்லாததையும் கவனித்திருந்தார்கள். 1956-ல் ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார்கள். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்த ஆய்வு அது. பெற்றோரிடம் கேள்வி கேட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. "குழந்தை சமத்தா, படுத்துமா?" என்று கேட்கவில்லை. முதன்முதலாகக் குளிப்பாட்டியபோது என்ன செய்தது, புதிய உணவை வாயில் வைத்ததும் துப்பியதா, எத்தனை முறை துப்பியது, அடுத்த நாள் என்ன ஆனது என்று நடந்ததை நடந்தபடி கேட்டார்கள். அபிப்பிராயத்தைக் கழித்துவிட்டுச் செயலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்தவை சுபாவத்தின் ஒன்பது கூறுகள். எல்லாவற்றையும் விரித்துச் சொன்னால் பாடப்புத்தகமாகிவிடும். சுருக்கமாக, நம் வீட்டுக் கதையாகப் பார்ப்போம்.

முதலில் துறுதுறுப்பு. டயப்பர் மாற்றும்போதே நாலு பக்கமும் உருளும் குழந்தையும் உண்டு, வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும் குழந்தையும் உண்டு. அடுத்தது ஒழுங்கு, பசி, தூக்கம், வயிறு மூன்றும் கடிகாரம் பார்த்து வருகிறதா, இஷ்டத்துக்கு வருகிறதா. அப்புறம், புதியதைக் கண்டால் நெருங்குமா, பின்வாங்குமா. முதலில் பின்வாங்கினாலும் பிறகு பழகிக்கொள்ள எவ்வளவு நேரம் எடுக்கும். இவை இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் வேறு வேறு. என் மகள் பின்வாங்குகிறவள், ஆனால் பழகாதவள் அல்ல. இரண்டு மணி நேரம் வேண்டும், அவ்வளவுதான். நான் கொடுத்தது இரண்டு நிமிஷம்.

உணர்வின் நுணுக்கம் என்று ஒன்று இருக்கிறது. பட்டுப் பாவாடையின் ஜரிகை குத்துகிறது என்று அழும் குழந்தையை "நடிக்குது" என்போம். சட்டையின் உள்பக்கம் தைத்த லேபிள், தவில் சத்தம், சாம்பாரில் ஒரு துளி கூடுதல் காரம் எல்லாம் அந்தக் குழந்தைக்கு உண்மையாகவே பெரிதாகத் தெரிகின்றன. அதன் பக்கத்திலேயே வெளிப்பாட்டின் வேகம் என்று இன்னொன்று. சந்தோஷமோ அழுகையோ, எட்டு வீடு தள்ளிக் கேட்குமா, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் தெரியுமா. பொதுவாகச் சிரித்த முகமா, உம்மென்ற முகமா என்பது தனிக் கூறு.

கடைசி இரண்டும் சுவாரஸ்யமானவை. ஒன்று, கவனம் எவ்வளவு சுலபமாகத் திரும்பும். சோறு ஊட்டும்போது "காக்கா பாரு, நிலா பாரு" என்றதும் வாயைத் திறக்கிறதே, அது கவனம் எளிதில் திரும்பும் குழந்தை. ஒரு வயதில் அது வரம். அதே குழந்தை ஐந்தாம் வகுப்பில் ஜன்னலில் காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தால் டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். இன்னொன்று விடாப்பிடி. நாலு மணி நேரம் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டால் விடாமுயற்சி. நாலு மணி நேரம் சைக்கிள் கேட்டு அழுதால் பிடிவாதம். குழந்தை இரண்டிலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறது.

இந்தக் கூறுகள் சேர்ந்து வரும் விதத்தை வைத்துச் செஸ்ஸும் தாமஸும் மூன்று கூட்டங்களைக் கண்டார்கள். சுமார் 40 சதவீதம், நாம் சமத்து என்று சொல்லும் வகை. சுமார் 10 சதவீதம், ஒழுங்கில்லாத தூக்கம், புதியதற்கெல்லாம் எதிர்ப்பு, உரத்த அழுகை. அவர்கள் 'கடினமான குழந்தை' என்று பெயர் வைத்தார்கள், நம் பாட்டிகள் "படுத்தறது" என்பார்கள். இன்னும் ஒரு 15 சதவீதம், மெல்லப் பழகும் குழந்தைகள். மீதி 35 சதவீதம் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. இந்த 35 சதவீதத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று பேரில் ஒருவருக்கு மேல் எந்த வகையிலும் சேராதவர்கள். ஆகவே வகையின் பெயரைக் குழந்தையின் நெற்றியில் ஒட்டும் அவசரம் வேண்டாம்.

சரி, இதுவரை சொன்னது சுபாவம். இனிதான் விஷயம்.

'கடினமான' குழந்தைகள் பெரியவர்களானபோது எல்லோருக்கும் பிரச்சினை வந்ததா என்றால், இல்லை. சமத்துகள் எல்லோரும் நன்றாக வந்தார்களா என்றால், அதுவும் இல்லை. சுபாவத்தை மட்டும் வைத்துக் கணிக்க முடியவில்லை, வளர்ப்பை மட்டும் வைத்தும் கணிக்க முடியவில்லை. குழந்தையின் சுபாவத்துக்கும் அதைச் சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்ப்பதற்கும் இடையில் உள்ள பொருத்தத்தைப் பார்த்தால்தான் கதை புரிந்தது. தச்சரிடம் கேட்டால் சொல்வார்: கதவும் நல்ல தேக்கு, நிலையும் நல்ல தேக்கு, ஆனால் கதவு சாத்த வரவில்லை. மரத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை, இழைக்க வேண்டிய இடம் இரண்டும் சேரும் விளிம்பு.

அவர்கள் பதிவு செய்த இரண்டு பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பையன் அந்த 10 சதவீதத்தில் உச்சம். முதல் குளியல், முதல் திட உணவு, முதல் நாள் நர்சரி, எல்லாமே ரகளை. ஆனால் அவன் அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. என்ன ஒரு தெம்பு பாருங்கள் என்று ரசித்தார். அவசரப்படுத்தாமல் விட்டார்கள், ஒவ்வொரு ரகளையும் தானாக அடங்கியது. அதே ஊர், அதே நண்பர்கள் என்று புதியது அதிகம் வராத வாழ்க்கையில் பிரச்சினையில்லாமல் வளர்ந்தான். கல்லூரிக்குப் போனதும் புதிய ஊர், புதிய பாடங்கள், புதிய ஆட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழ, சோர்ந்துபோய் அவர்களிடமே பேச வந்தான். அவனுக்கு மருந்து தேவைப்படவில்லை. சிறுவயதில் அவன் எப்படிப் புதியதைச் சமாளித்தான் என்று நினைவுபடுத்தி, ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்ளும் சுமையைக் குறைக்கச் சொன்னார்கள். அந்தப் படிப்பு ஆண்டு முடிவதற்குள் தேறிவிட்டான்.

இரண்டாவது பையன் நல்லவன், சிநேகமானவன், ஆனால் கவனம் சட்டென்று திரும்பும், ஒரு வேலையில் நீடிக்காது. இவனை அப்படி விட்டிருந்தால் பெரிய சங்கடம் எதுவும் இருந்திருக்காது. அப்பாதான் சிக்கல். எடுத்த வேலையை முடிக்காமல் எழாத, கடும் உழைப்பாளி. மகனின் சுபாவம் அவர் கண்ணுக்குப் பொறுப்பின்மையாகத் தெரிந்தது. அது வேண்டுமென்று செய்வதல்ல என்று மருத்துவர்கள் எடுத்துச் சொல்லியும் அவரால் ஏற்க முடியவில்லை. வருஷக்கணக்கில் திட்டு. பையன் வளர்ந்தபோது கல்லூரியிலும் நிலைக்கவில்லை. அதைவிட, அப்பா சொன்னதையே தன்னைப் பற்றிய உண்மையாக நம்ப ஆரம்பித்திருந்தான்.

சுபாவத்தை மட்டும் பார்த்தால் முதல் பையன்தான் பயமுறுத்தும் கேஸ். வாழ்க்கையில் அடிபட்டது இரண்டாமவன்.

பொருத்தம் என்பது அப்பா அம்மாவோடு நின்றுவிடுவதில்லை. வீட்டின் அளவு, ஊர், தொழில், காலம் எல்லாம் அதில் சேர்த்தி. செஸ்ஸும் தாமஸும் நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோ தொழிலாளர் குடும்பங்களையும் பின்தொடர்ந்தார்கள். அந்த வீடுகளில் குழந்தை எப்போது தூங்கினாலும் பெரியவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. ஆகவே ஒழுங்கில்லாத தூக்கம் ஒரு பிரச்சினையாகவே பதிவாகவில்லை, பள்ளி தொடங்கும்வரை. மறுபக்கம், சின்ன வீட்டில் பல பேர், தெருவில் விட பயம். அதனால் துறுதுறுப்பான குழந்தை அங்கே பெரிய தலைவலியாகியது. நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். தாத்தா வீட்டின் தோப்பில் "நல்ல சுறுசுறுப்பு" என்று பெயர் வாங்கும் பையன், சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்ததும் கீழ் வீட்டுக்காரர் வாயில் விழுகிறான்.

இதன் கடைசி எல்லை கென்யாவில் தெரிந்தது. மார்ட்டன் டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர் 1974 பஞ்ச காலத்தில் மசாய் மக்களிடையே கைக்குழந்தைகளின் சுபாவத்தை அளந்தார். அவர்களில் மிகச் சமத்தானவர்கள் 10 பேர், மிகப் படுத்துபவர்கள் 10 பேர் என்று குறித்துக்கொண்டார். பஞ்சம் முற்றிக் கால்நடைகள் மடிந்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சில மாதம் கழித்துத் திரும்பிப்போய்த் தேடியபோது அவரால் கண்டுபிடிக்க முடிந்தது 13 குடும்பங்களை. சமத்துக் குழந்தைகள் 7 பேரில் 5 பேர் இறந்திருந்தார்கள். படுத்தும் குழந்தைகள் 6 பேரில் இறந்தது ஒன்றுதான். 13 குழந்தைகளை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. நியூயார்க்கில் அம்மாவின் உயிரை வாங்கும் அதே அழுகை, பால் வற்றிய ஊரில் குழந்தையின் உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

இங்கே ஒரு தவறான புரிதலைத் தட்டிவிடுகிறேன். பொருத்தம் என்றால் ஒரே மாதிரி இருப்பது என்று அர்த்தமில்லை. அப்பாவும் மகனும் இருவருமே விடாப்பிடிக்காரர்கள் என்றால் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் பானிபட் யுத்தம். கூச்ச சுபாவமுள்ள அம்மா, தன்னைப் போலவே இருக்கும் மகளைப் பார்த்து, தான் பட்டதெல்லாம் இவளும் படுவாளே என்று பதறி மிரட்டுவதையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசமே பொருத்தமாவதும் உண்டு. பதறாத தாத்தாவின் மடியில் துறுதுறு பேரன் அரை மணி நேரம் அசையாமல் இருப்பான். கூட்டுக் குடும்பத்தைப் பற்றி எனக்குப் பெரிய ஏக்கமெல்லாம் கிடையாது, அதன் சங்கடங்கள் தனி. ஆனால் ஒரு வசதி இருந்தது: அப்பாவோடு ஒத்துவராத பிள்ளைக்கு ஒரு சித்தப்பாவோ அத்தையோ கிடைப்பார்கள். இன்றைக்கு இரண்டே பேர்தான். அந்த இரண்டு பேரிடமும் பொருந்தாவிட்டால் பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை.

நடைமுறையில் என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த ஒன்பது கூறுகளையும் ஒரு நோட்டில் எழுதி, எனக்கு, மனைவிக்கு, மகளுக்கு என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டேன். இது பரிசோதனைக் கூடத்துக் கருவி ஒன்றும் அல்ல, மளிகைக் கணக்கு மாதிரிதான். ஆனாலும் கண்ணைத் திறந்தது. எட்டு இடத்தில் எங்களுக்குள் பெரிய தூரமில்லை. ஒரே ஒரு வரியில் எனக்கு 5, அவளுக்கு 1. எங்கள் சண்டை முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நடந்துகொண்டிருந்தது. அதுவரை நான் அவளை முழுசாக வேறு ஜாதிப் பிறவியாக நினைத்துக் கவலைப்பட்டிருந்தேன்.

அடுத்தது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பிரிப்பது. வீட்டுக்கு வந்தவருக்கு வணக்கம் சொல்வது பழக்கம். அதைச் சிரித்த முகத்தோடு, ஓடிவந்து, சத்தமாகச் சொல்வது சுபாவம். பழக்கத்தை எந்தக் குழந்தையிடமும் கேட்கலாம், பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கலாம். என் சுபாவத்தை அவளிடம் கேட்பதுதான் அக்கிரமம். இப்போது அவள் வணக்கம் சொல்கிறாள், கதவோரம் நின்று, மெதுவாக. அது போதும். பாட்டுப் பாடிக் காட்டச் சொல்வதை நிறுத்திவிட்டோம். யோசித்துப் பார்த்தால், வந்த விருந்தாளியும் அதைக் கேட்டதே இல்லை.

பள்ளியில் முதல் சந்திப்பிலேயே "யாரோடயும் மிங்கிள் ஆக மாட்டேங்கறா, வீட்ல ரொம்பப் பொத்தி வளக்கறீங்களா?" என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அதில் பாதி நியாயம் இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன், நாலு மாதக் குழந்தைகளுக்குப் புதிய காட்சி, ஒலி, வாசனை காட்டி அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார். ஏறக்குறைய 20 சதவீதம் பேர் கைகாலை உதைத்து அழுதார்கள். இந்தக் குழந்தைகள்தான் பின்னாளில் கூச்சமுள்ளவர்களாக வளரும் வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லோரும் அப்படி ஆகவில்லை. அவருடைய குழு வீடு வீடாகப் பார்த்ததில், குழந்தை முகம் சுளித்தவுடன் ஓடிப்போய்த் தூக்கிக் காப்பாற்றிய தாய்மாரின் பிள்ளைகளைவிட, பாசத்தோடு வரம்பும் வைத்து, சின்னச் சின்னத் தடங்கலைத் தாண்ட விட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு இரண்டாவது வயதில் பயம் குறைவாக இருந்தது. ஆக, பொருத்தம் என்பது குழந்தை போகிற போக்கில் விட்டுவிடுவது இல்லை. தண்ணீரில் தள்ளிவிடுவதும் இல்லை. படிக்கட்டில் உட்கார வைத்து, காலை நனைக்க விட்டு, பக்கத்தில் நாமும் உட்கார்ந்திருப்பது.

எளிய ஏற்பாடுகளும் உண்டு. துறுதுறுப்பான பிள்ளையைப் பள்ளியிலிருந்து வந்ததும் வீட்டுப்பாடத்தில் உட்கார வைக்காமல், கடைக்கு அனுப்பித் தயிர் வாங்கிவரச் சொல்லலாம். மாற்றத்தைத் தாங்காத பிள்ளைக்கு "இன்னும் பத்து நிமிஷத்தில் கிளம்பறோம்" என்று முன்கூட்டிச் சொல்லலாம். ஜரிகை குத்தினால் உள்ளே பருத்தி லைனிங் வைத்துத் தைக்கச் சொன்னால் தையல்காரர் தைத்துத் தருவார். இதெல்லாம் செல்லம் கொடுப்பது என்று மாமியார் சொல்வார். சொல்லட்டும்.

அப்புறம், வார்த்தைகள். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே "இவ சரியான கூச்சம்", "இவன் வாலு", "இது அழுமூஞ்சி" என்று வந்தவர்களிடம் அறிமுகம் செய்வது நம்மிடம் தொட்டில் பழக்கம். அந்த இரண்டாவது பையனின் கதையை நினைத்துக்கொண்டால் நாக்கு தானாக நிற்கும். "அவ கொஞ்சம் பார்த்துப் பழகுவா" என்று சொன்னாலும் வந்தவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. எல்லா வித்தியாசத்தையும் சுபாவம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாதது, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை இழப்பது, எழுத்துகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுவது, இவையெல்லாம் காது, ஆட்டிசம், கற்றல் குறைபாடு போன்றவற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்று தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், 2013-லிருந்து, அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டு இலவசமாகவே பரிசோதிக்கிறார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. அங்கெல்லாம் போனாலும் பொருத்தம் என்ற கருத்து செல்லாமல் போய்விடாது. குழந்தைக்குச் சிகிச்சை ஒருபக்கம், வீட்டின் எதிர்பார்ப்பை மாற்றி அமைப்பது இன்னொரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும்.

என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. கல்யாணங்களுக்கு நாங்கள் முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுகிறோம். மண்டபம் காலியாக இருக்கும். அவள் பூக்காரர் மேடைக்குச் சரம் தொங்கவிடுவதைப் பார்ப்பாள், பின்கட்டுக்குப் போய்ச் சமையல்காரர் ஜாங்கிரி பிழிவதைப் பார்ப்பாள். கூட்டம் வரும்போது அது அவளுடைய மண்டபமாகியிருக்கும். எனக்குத்தான் அந்த முக்கால் மணி நேரம் பேச ஆளில்லாமல் தவிப்பு.

போன மாதம் அலமாரியைக் குடைந்தபோது அந்தப் பழைய நோட்டு அவள் கையில் கிடைத்தது. என்னவென்று கேட்டாள், சொன்னேன். ஒரு மணி நேரம் அறைக்குள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தன் மதிப்பெண்ணில் எதையும் மாற்றவில்லை. என் பெயருக்கு நேரே, 'புது ஆட்களோடு பழகுவது' என்ற வரியில் நான் போட்டிருந்த 5-ஐ அடித்துவிட்டு 8 என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பும் போட்டிருந்தாள்: "அப்பா கஷ்டமான கேஸ். ஆனா பழகிடலாம்."